ஏழு பேருக்கு ஒரு சார்ட் போதாது

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 42 பிள்ளைகள், 40 நிமிட பீரியட். பயிற்சியில் மாணவர் மையக் கற்பித்தலைப் பற்றிச் சொன்னார்கள். ஆர்வத்தோடு வந்து, ஏழு ஏழு பேராக ஆறு குழு பிரித்தேன். சார்ட், ஸ்கெட்ச் பேனா எல்லாம் என் சொந்தச் செலவு. பாடம் தசம எண்கள். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் எழுதினார்கள், மற்றவர்கள் ஊர்க்கதை பேசினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் தாங்க முடியவில்லை என்றார். தலைமையாசிரியர், "முதலில் போர்ஷனை முடிக்கிற வழியைப் பாருங்கள்" என்றார். பிறகு வைத்த தேர்வில், 0.4ஐவிட 0.35 பெரியது என்று பாதி வகுப்பு எழுதியிருக்கிறது. பேசாமல் பழையபடி கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடலாமா?
— ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

திரும்ப வேண்டாம். ஆனால் குழுவையும் சார்ட்டையும் கொஞ்ச நாளைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். உங்கள் உழைப்பில் குறையில்லை, பிள்ளைகளின் ஒழுக்கத்திலும் குறையில்லை. ஒரு சார்ட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் குனிந்து எழுத முடியும். மீதி ஐந்து பேருக்கு நீங்கள் வேலையே கொடுக்கவில்லை. வேலை இல்லாத பன்னிரண்டு வயதுப் பிள்ளை பேசத்தான் செய்யும்.

ஒரு வகுப்பு மாணவர் மைய வகுப்பா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். இந்த நிமிடத்தில் எத்தனை பிள்ளைகள் தாங்களே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்? அவர்கள் என்ன யோசிக்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிகிறதா? பெஞ்சை எப்படித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பது இதற்கெல்லாம் பிறகுதான். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போனது. எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்று காட்டும் ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை என்று பல நல்ல ஏற்பாடுகள் அதில் இருந்தன. பிள்ளை என்ன நினைக்கிறது என்று ஆசிரியர் கேட்ட இடங்களில் அது உயிரோடு இருந்தது. அட்டையை எடுத்து வைப்பதே வேலையாகிப்போன இடங்களில் வெறும் சடங்காகிவிட்டது. சார்ட்டுக்கும் அதே கதிதான்.

இனி உங்கள் 0.35க்கு வருவோம். பாதி வகுப்பு தவறாக எழுதியதை நினைத்து வருந்தாதீர்கள். உங்களுக்குத் தேவையான தகவல் அத்தனையும் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. 0.35 பெரியது என்று எழுதிய பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிறது: 35 பெரியது, 4 சிறியது. இதில் நமக்கும் பங்குண்டு. "பாயிண்ட் முப்பத்தஞ்சு" என்று நாமே வாசித்துப் பழக்கியிருக்கிறோம். "புள்ளி மூன்று ஐந்து" என்று வாசியுங்கள், பிள்ளைகளையும் அப்படியே வாசிக்க வையுங்கள். வகுப்புக்கு வெளியிலும் குழப்பம் கிடக்கிறது. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். அந்தப் புள்ளி தசமப் புள்ளியே இல்லை. ஐந்தடி பத்து அங்குல உயரத்தை 5.10 என்றும், ஐந்தடி ஒன்பது அங்குலத்தை 5.9 என்றும் எழுதுகிறோம். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு 5.10 பெரியதாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

அதைவிடக் கவனிக்க வேண்டியவர்கள், 0.4 பெரியது என்று சரியாக எழுதிய மறுபாதி. அவர்களில் சிலர் தவறான காரணத்தால் சரியான விடைக்கு வந்திருப்பார்கள். பின்னத்தில் 1/4ஐவிட 1/35 சிறியது என்று படித்திருக்கிறார்கள். அதை இங்கே கொண்டுவந்து, 'இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது' என்று வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு கேள்வியில் இவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். 0.3, 0.45 என்று கேட்டிருந்தால் 0.3தான் பெரியது என்று எழுதி மாட்டியிருப்பார்கள். இலக்கம் கூடினால் எண் பெரியது என்று நினைப்பவர்களோ இதில் தப்பித்திருப்பார்கள். ஆகவே ஒற்றைக் கேள்வியை நம்பாதீர்கள். எப்போதும் ஜோடியாகக் கேளுங்கள்.

அடுத்த தசம வகுப்பை இப்படி நடத்திப் பாருங்கள். தேவையானவை கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம் போட்ட நோட்டு, ஆளுக்கு அரைத்தாள் (சிலேட் இருந்தால் இன்னும் நல்லது). பெஞ்சை நகர்த்த வேண்டாம்.

வகுப்பு தொடங்கியதும் மூன்று வரிகள் எழுதுங்கள்: (அ) 0.4, 0.35 (ஆ) 0.3, 0.45 (இ) 0.6, 0.60. ஒவ்வொன்றிலும் எது பெரியது, அல்லது சமமா? முதல் மூன்று நிமிடம் தனியாக, பேசாமல், பெரிய எழுத்தில் தாளில் எழுத வேண்டும். இந்த மூன்று நிமிடத்தை மட்டும் எந்த அவசரத்திலும் வெட்டாதீர்கள். எழுதாமல் பேச விட்டால், கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும், பக்கத்துப் பிள்ளை தலையாட்டும். நீங்கள் குழுவில் பார்த்த அதே காட்சி இரண்டு பேர் அளவில் நடக்கும்.

பிறகு "காட்டு" என்றதும் 42 தாளும் ஒரே நேரத்தில் மேலே வரவேண்டும். முன்பெஞ்சில் தாள் தூக்கியதைப் பார்த்துப் பின்பெஞ்சு திருத்திக்கொள்ள இடம் கொடுக்காதீர்கள். (அ), (ஆ) இரண்டும் சரியாக எழுதியவர்களை மட்டும் எண்ணுங்கள். முகத்தில் எதையும் காட்டாதீர்கள், சரி, தவறு சொல்லாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், இப்படிக் கேள்வி கேட்டு மாணவர்களைப் பேச விடும் முறைக்கு ஓர் அளவு வைத்திருந்தார். 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களே சரி என்றால் பேச்சால் பயனில்லை, முதலில் ஆசிரியர் விளக்க வேண்டும். 70 சதவீதத்தைத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். நடுவில் இருந்தால் பிள்ளைகளைப் பேச விட வேண்டும். உங்கள் 42 பேரில் 13, 29 என்ற இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நடுவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவரோடு நான்கு நிமிடப் பேச்சு. "பேசுங்கள்" என்று மட்டும் சொன்னால் ஊர்க்கதைதான் வரும். "உன் விடை ஏன் சரி என்று அவனை நம்பவை, முடியாவிட்டால் உன் விடையை மாற்று" என்று சொல்லுங்கள். குரல் ஒரு ஸ்கேல் தூரத்துக்குக் கேட்டால் போதும் என்பதை முதல் நாளே பழக்குங்கள். முடியும் நேரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேச விடுங்கள். நீங்கள் கையைத் தூக்கினால் அவர்களும் கையைத் தூக்கி வாயை மூட வேண்டும். கடைசிக் குரல் அடங்கும்வரை அடுத்த வார்த்தை பேசாதீர்கள். முதல் வாரம் இதற்கே நேரம் போகும், பரவாயில்லை.

அடுத்த எட்டு நிமிடம் நோட்டில். ஆளுக்கு இரண்டு சதுரம், பத்துக் கட்டம் நீளம், பத்துக் கட்டம் அகலம். ஒரு முழுச் சதுரம் 1. முதல் சதுரத்தில் 0.4, அடுத்ததில் 0.35 என்று வண்ணம் தீட்ட வேண்டும். சில பிள்ளைகள் 0.4க்கு நாலே நாலு கட்டம் தீட்டும். அந்த இடத்தில் கை வைத்துத் திருத்திவிடாதீர்கள். "சதுரத்தைப் பத்துப் பங்காக்கினால் ஒரு பங்குக்கு எத்தனை கட்டம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போங்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் நான்கு வரிசை தீட்டியிருக்கும். ரூபாய், பைசாவைக் காட்டிப் புரியவைக்க ஆசை வரும், அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பைசா இரண்டு இலக்கத்தோடு நின்றுவிடும். 0.45, 0.4502 வந்ததும் இரண்டும் சமம் என்று சொல்லிவிடுவார்கள். அதைவிட மளிகைக்கடைத் தராசு நல்லது: 0.4 கிலோ 400 கிராம், 0.35 கிலோ 350 கிராம்.

இதற்குப் பிறகு நீங்கள் பேசுங்கள். ஏழெட்டு நிமிடம், தெளிவாக, கரும்பலகையில், இடமதிப்பு அட்டவணை போட்டு. மாணவர் மையம் என்றால் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது என்று பயிற்சிகளில் ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அது பிழை, பிள்ளைகளுக்கு அநியாயமும்கூட. புதிதாகக் கற்பவர்களை வழிகாட்டாமல் தாமே கண்டுபிடிக்க விட்டால் தடுமாறுவார்கள் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று கல்வி ஆய்வாளர்கள் 2006இல் எழுதிய கட்டுரை உலகமெங்கும் விவாதிக்கப்பட்டது. உங்கள் விளக்கம் வேண்டும். பிள்ளை தன் தலையைக் கொஞ்சம் உடைத்துக்கொண்ட பிறகு அது வரவேண்டும், அவ்வளவுதான். அப்போது 'நான் நினைத்தது எங்கே பிசகியது' என்று தேடிக்கொண்டே கேட்கும்.

விளக்கும்போது "புரியுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "புரியுது மிஸ்" என்ற கோரஸில் புரியாத இருபது குரல்கள் ஒளிந்துகொள்ளும். "0.4ஐ நூறில் எத்தனை என்று எழுதலாம்?" என்று கேட்டு, மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு, அதற்குப் பிறகே ஒரு பெயரைச் சொல்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்த இடங்களில் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பெயரை முதலில் சொல்லிக் கேள்வியைப் பிறகு கேட்டால் மற்ற 41 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கடைசி ஐந்து நிமிடத்துக்குக் கால் தாள். 0.2, 0.31, 0.308 மூன்றையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதி, ஒரு வரியில் காரணம். இந்த மூன்று எண்களை மாற்றாதீர்கள், காரணம் இருக்கிறது. 0.2, 0.308, 0.31 சரி. 0.2, 0.31, 0.308 என்றால் இலக்கம் கூடினால் பெரிது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 0.308, 0.31, 0.2 என்றால் இலக்கம் குறைந்தால் பெரிது என்ற எண்ணம். தாளை வாங்கி அந்த மூன்று அடுக்காகப் போடுங்கள், பத்து நிமிட வேலை. மதிப்பெண் போடாதீர்கள், போட்ட மறுநாளே காப்பி அடிப்பது தொடங்கிவிடும், உங்கள் தகவல் போய்விடும். 42 தாளிலும் குறிப்பு எழுதவும் வேண்டாம். மூன்றாம் நாள் களைத்துப்போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவீர்கள். மறுநாள் முதல் எட்டு நிமிடம் எந்த அடுக்கு பெரியதோ அதற்கு.

யார் யாரோடு உட்காருவது என்பதைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். விட்டால் தெரு வாரியாக, சாதி வாரியாகச் சேர்ந்துகொள்வார்கள். ஒன்றிரண்டு பேர் எப்போதும் மிஞ்சுவார்கள். அந்த மிஞ்சும் பிள்ளை அன்று கணக்கோடு சேர்த்து இன்னொன்றையும் கற்றுக்கொள்ளும். அதை நம் வகுப்பில் நடக்க விடக் கூடாது. கடைசித் தேர்வு மதிப்பெண்படி பட்டியல் போட்டு, 1க்கு 22, 2க்கு 23, இப்படியே 21க்கு 42 என்று ஜோடி சேருங்கள். முதலிடத்தையும் கடைசியிடத்தையும் சேர்த்தால் இடைவெளி அதிகம். ஒருவர் சொல்ல, ஒருவர் பார்த்து எழுதுவதாக முடியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பட்டியலை யாருக்கும் காட்டாதீர்கள். ஒரு பிள்ளை ஒருவரோடு உட்கார மறுத்தால் காரணத்தைத் தனியாகக் கேளுங்கள். எதற்காகவும் ஜோடியைப் பிரித்துக் கொடுத்து அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டதாக ஆக்காதீர்கள்.

42 பேரில் ஐந்தாறு பேருக்கு 308 என்ற எண்ணே வாசிக்க வராமல் இருக்கலாம். அவர்களுக்கு இந்த ஜோடி முறை மட்டும் போதாது. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் அந்தப் பயிற்சி நூல்களைக் கேட்டு வாங்குங்கள். வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம், இடமதிப்பு மட்டும். அரும்பு என்பது அந்தப் பிள்ளை இன்று நிற்கும் படியின் பெயர், பிள்ளையின் பெயர் இல்லை. மாதம் ஒருமுறை மறுபடி பார்த்து மாற்றாவிட்டால் அதுவே பட்டப்பெயராகிவிடும்.

போர்ஷன் விஷயத்தில் தலைமையாசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. வாரத்தில் இரண்டு பீரியட் மட்டும் இப்படி நடத்துங்கள், மற்றவை வழக்கம்போல் போகட்டும். பயிற்சிக் கணக்கு இருபதையும் கரும்பலகையில் போட்டு நோட்டில் எழுத வைக்கும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். வகைக்கு ஒன்றாக ஆறு கணக்கைத் தேர்ந்தெடுங்கள், மீதி வீட்டுக்கு. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே, "வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியடில் நான்கு நிமிடம் பேச்சுச் சத்தம் வரும் சார், வந்து பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லுங்கள். முதல் நாள் அடுக்கையும் மூன்றாம் வார அடுக்கையும் மேசையில் வைத்துக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது.

குழு வேலையை அலமாரியிலிருந்து எப்போது எடுக்கலாம்? ஜோடிப் பேச்சு ஒரு மாதம் ஓடிப் பழகிய பிறகு. அப்போதும் நான்கு பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவர் கையிலும் மற்ற மூவரிடம் இல்லாத ஒரு துண்டுத் தகவல் இருக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதைத்தான் செய்தார். ஒருவர் வாயைத் திறக்காவிட்டால் நால்வருக்கும் விடை வராது.

அதுவரை ஜோடியே போதும். தசமம் முடிந்து பெருக்கல் வரும்போது கேட்க ஒரு கேள்வி: 8 × 0.5 என்பதன் விடை 8ஐவிடப் பெரியதா, சிறியதா? கணக்குப் போடாமல், தனியாக, தாளில். கூடவே 8 × 1.5, அதே கேள்வி. பெருக்கினால் எப்போதும் பெரிதாகும் என்று நினைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது தாள் மேலே வந்ததும் தெரிந்துவிடும்.