கடலுக்குப் போகுமுன் எதை வாங்குவது?

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்துடன் சென்னைக்கு அருகிலுள்ள கோவளம் சென்று அலைச்சறுக்கு கற்க விரும்புகிறோம். தேவையான ஆடைகளையும் பொருள்களையும் திருப்பூரிலேயே வாங்கிக்கொள்ளலாமா? — அவிநாசி வாசகி.

பதில்: திருப்பூர்ப் பக்கத்துக்காரரிடம் பனியன் துணியைக் குறைசொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்து, உடலோடு ஒட்டிக்கொண்டு, காயவும் நேரமெடுப்பதால் கடலுக்கு உதவாது. நைலான் அல்லது பாலியஸ்டருடன் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்த முழுக்கை ராஷ் கார்டு மேலாடையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். வெயிலோடு, பலகையில் குப்புறப் படுக்கும்போது வயிற்றிலும் மார்பிலும் ஏற்படும் உராய்வையும் அது தடுக்கும். துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தாராளமாகத் தெரிந்தால் அது வெயிலையும் தடுக்காது, நனைந்தபின் மானத்தையும் காக்காது. பலகையைப் பயிற்சிப் பள்ளிகளே தருவதால் அதற்குச் செலவிட வேண்டாம். கடற்கரைக் கடைகளில் தொங்கும் காற்றடைத்த மிதவைகளை நம்பிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். உயிர்காப்பு அங்கியை அவரவர் எடைக்கேற்பத் தேர்ந்து, கொக்கிகளை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்போது அது காதுவரை ஏறினால், சிறிய அளவைக் கேளுங்கள். வீடு திரும்பியதும் ஆடைகளை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால், அவற்றின் இழுவை சீக்கிரம் தளராது.