செஸ் டோர்னமெண்ட்ல ஆடின கேமை எஞ்சின்ல, அதாவது மூவெல்லாம் கணக்குப் போட்டுப் பாக்குற சாப்ட்வேர்ல, போட்டா போதாதா? நீங்க எப்படி அனலைஸ் பண்றீங்க?

கேள்வி கேட்டவர் இப்பதான் ரேட்டட் டோர்னமெண்ட் ஆட ஆரம்பிச்சிருக்காராம். வீட்டுக்கு வந்து கேமை ஆப்ல ஏத்தினா அக்யூரசி (மூவெல்லாம் எவ்வளவு சரியா இருந்துச்சுங்கிற நூத்துக்கு மார்க்) 88ன்னு வருது, தப்பு மூவெல்லாம் செவப்புல காட்டுது, அதுக்கு மேல அனலைஸ் பண்ண என்ன இருக்குன்னு கேக்குறார்.

நிறைய இருக்குங்க. முதல்ல என்னைப் பத்தி சொல்லிடறேன், நான் பெரிய பிளேயர் எல்லாம் கிடையாது, 1600 ரேட்டிங் பக்கத்துலயே பல வருஷமா சுத்திட்டு இருக்கிற ஆளு, சென்னைல லீவு நாள்ல எங்க ஓபன் டோர்னமெண்ட் நடந்தாலும் பேர் குடுத்துடுவேன், அவ்வளவுதான். ஆனா கேம் முடிஞ்சப்புறம் அதை நோண்டுறதுல எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அதுல நான் புரிஞ்சுகிட்டது என்னன்னா, எஞ்சின் மூவுக்கு மார்க் போடும், அந்த மூவை நீங்க எதுக்கு ஆடினீங்கன்னு அதுக்குத் தெரியாது. தப்பு மூவை அது புடிச்சுக் குடுத்துடும். சரியான மூவைத் தப்பான காரணத்துக்கு ஆடியிருந்தா பச்சை டிக் போட்டுட்டுப் போயிடும். அந்த ரெண்டாவது வகையத்தான் நீங்க தேடணும், ஏன்னா இன்னிக்கு தப்பிச்ச அதே யோசனை அடுத்த டோர்னமெண்ட்ல காலை வாரிடும்.

ஒரு உதாரணம் சொன்னா புரியும். தாம்பரம் பக்கம் ஒரு காலேஜ்ல நடந்த ஓபன், எனக்கு பிளாக், எதிர்ல ரிட்டயர்ட் ரயில்வேக்காரர் ஒருத்தர். கேம் நீண்டு நீண்டு கடைசில ஆளுக்கு ஒரு ரூக், அவருக்கு மட்டும் ஒரு பான் மிச்சம்ங்கிற நிலைமைக்கு வந்துடுச்சு. (கட்டத்தோட பேர்ல எழுத்து நெடுக்கு வரிசை, ஏ முதல் எச் வரைக்கும்; நம்பர் குறுக்கு வரிசை, அதான் ராங்க், வெள்ளை பக்கத்துலேர்ந்து 1 முதல் 8 வரைக்கும்.) அவரோட கிங் எஃப்4ல, பான் இ3ல. என் கிங் எஃப்6ல, ரூக் இ8ல. அவர் ரூக்கை இ4ல கொண்டுவந்து வெச்சு எக்ஸ்சேஞ்ச் கேட்டார். நான் டக்குனு எடுத்தேன், அவர் கிங்கால திருப்பி எடுத்தார், நான் கிங்கை இ6ல வெச்சேன். இப்ப இ4ல அவர் கிங், இ6ல என் கிங், நேருக்கு நேர், மூவ் அவருது. ஆபோசிஷன் எனக்கு, அதாவது மூவ் பண்ண வேண்டியவர்தான் வழி விட்டாகணும். அவர் டி4 போனா நான் டி6, எஃப்4 போனா நான் எஃப்6, பானைத் தள்ளிக்கிட்டே வந்தா நான் நேர் பின்னாடியே போய் இ8ல நிப்பேன், கடைசில ஸ்டேல்மேட், செக் இல்ல, ஆனா எனக்கு ஆட மூவும் இல்ல. டிரா. கை குடுத்துட்டு வெளிய வந்தோம்.

ஹாலுக்குள்ள பேச விட மாட்டாங்க இல்லையா, வெளிய படிக்கட்டுல உக்காந்து அவர் பையிலேர்ந்து ஒரு சின்ன மேக்னெட் போர்டை எடுத்தார். நான் பெருமையா "ஆபோசிஷன் தெரிஞ்சுதான் சார் ரூக்கை எடுத்தேன்"னேன். அவர் ஒண்ணும் சொல்லாம அதே பொசிஷனை வெச்சார், இ3ல இருந்த பானை மட்டும் ஒரு கட்டம் பின்னாடி இ2ல வெச்சார்.

"தம்பி, இது இங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அதேதான் சார், எடுத்துட்டு கிங் இ6."

அவர் ரூக்கை எல்லாம் எடுத்து ஓரமா வெச்சு, கிங் இ4, கிங் இ6 ஆக்கி, ரெண்டு விரலால பானை இ2லேர்ந்து இ3க்குத் தள்ளினார். "இப்ப உன் மூவ்"னார். அவ்வளவுதான், முடிஞ்சுது கதை. நான் கிங்கை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அவர் கிங் இன்னொரு பக்கமா அஞ்சாவது ராங்க்குக்கு ஏறிடும். இது புக்குல இருக்கிற பாலபாடம்தான், பான் இ3ல இருந்தா வெள்ளை கிங் புடிக்க வேண்டிய கட்டம் டி5, இ5, எஃப்5. பான் இ2ல இருந்தா டி4, இ4, எஃப்4, அதாவது கிங் இ4ல இருக்கறப்பவே ஜெயிச்ச பொசிஷன், யாரோட மூவா இருந்தாலும் சரி. அந்த ஒரு ஸ்பேர் மூவ்தான் வித்தியாசம். பான் இ2ல இருந்தா ரூக்கை எடுக்காம வேற பக்கம் நகர்த்தியிருக்கணும், அப்படிப் பண்ணா டிராதான்.

அப்புறம் அவரே சொன்னார், கொஞ்ச நேரம் முன்னாடி பான் இ2லதான் இருந்துச்சாம், சும்மா பத்திரமா இருக்கட்டும்னு இ3 தள்ளிட்டாராம். "அங்கயே போச்சு"ன்னு தலைல தட்டிக்கிட்டார்.

இப்ப விஷயத்துக்கு வாங்க. வீட்டுக்கு வந்து இதை லிசெஸ்ங்கிற செஸ் வெப்சைட்ல போட்டா, அந்த இ3 மூவுக்கு முன்னாடி 0.00 (அதாவது சரிசமம்), அப்புறமும் 0.00. ஒரு கேள்விக்குறி கூட இல்ல. ஏன்னா ரெண்டு ரூக்கும் போர்டுல இருக்கிற வரைக்கும், என் கிங் பானுக்கு முன்னாடி நிக்கிற வரைக்கும், பான் இ2ல இருந்தாலும் இ3ல இருந்தாலும் ஒழுங்கா ஆடினா டிராதான். சில காய் மட்டும் மிஞ்சின பொசிஷனுக்கெல்லாம் முடிவைக் கணக்குப் போட்டு வெச்சிருக்கிற டேபிள்பேஸும் அதையேதான் சொல்லுது, அஞ்சு காய்தானே, அதுக்கு அது கடவுள் வாக்கு. நான் ரூக்கை எடுத்ததுலயும் அது ஒரு குறையும் சொல்லல. எஞ்சின் பார்வைல ரெண்டு பேரும் குறையே இல்லாம ஆடியிருக்கோம். உண்மைல அவர் என்னை விழ வைக்கிற ஒரு குழியைத் தானே மூடிட்டார், நான் குழி இருந்ததே தெரியாம மேல நடந்து வந்திருக்கேன். இது எந்த அக்யூரசி நம்பர்லயும் வராது, எதிராளியோட உக்காந்து பேசினாத்தான் வரும். அதனால தோத்தாலும் ஜெயிச்சாலும் "சார், ரெண்டு நிமிஷம் பாக்கலாமா"ன்னு கேளுங்க. கடுப்புல இருக்கிறவங்க வேணாம்னு போயிடுவாங்க, அது அவங்க இஷ்டம். ஆனா பெரும்பாலும் வருவாங்க. எட்டு வயசுப் பொடிசா இருந்தா இன்னும் விசேஷம், பத்து மூவ் தள்ளி மனசுல வெச்சிருந்ததை மூச்சு விடாம ஒப்பிச்சு உங்களை அசிங்கப்படுத்திட்டு சிப்ஸ் வாங்க ஓடிடும்.

அடுத்தது ஸ்கோர்ஷீட், கேம் நடக்கறப்ப மூவெல்லாம் எழுதுற தாள். மூவ் எழுதுறப்பவே பக்கத்துல கிளாக் டைமையும் எழுதுங்க. அது ரூல்படி தாராளமா பண்ணலாம், உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயோட ரூல்லயே ஸ்கோர்ஷீட்ல மூவ், கிளாக் டைம், டிரா ஆஃபர் இதெல்லாம் எழுதலாம்னு இருக்கு, மூவை ஆடுறதுக்கு முன்னாடியே எழுதி வெக்கறதுதான் கூடாது. 90 நிமிஷம், மூவுக்கு 30 செகண்ட் சேரும்ங்கிற கேம்ல கடைசி வரைக்கும் எழுதித்தான் ஆகணும், அப்புறம் இதுல என்ன கஷ்டம். ஒவ்வொரு மூவுக்கும் வேணாம், நாலஞ்சு மூவுக்கு ஒரு தடவை போதும். முக்கியமா இருக்குன்னு தோணுற இடத்துல மட்டும் கண்டிப்பா எழுதிடுங்க. மேல சொன்ன கேம்ல ரூக்கை எடுக்க நான் அரை நிமிஷம் கூட எடுக்கல, கைல பத்து நிமிஷத்துக்கு மேல இருந்தும். ஆனா ஓப்பனிங்ல, காரோ-கான்ல எப்பவும் ஆடுற ஒரு சாதாரண மூவுக்கு 14 நிமிஷம் போயிருக்கு! அந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எனக்கு எந்த இடத்துல யோசிக்கவே தெரியலன்னு பளிச்சுனு தெரிஞ்சுது. கடைசி சில காய் மிச்சம் இருக்கறப்ப வர்ற எக்ஸ்சேஞ்ச், அதுவும் கிங்கும் பானும் மட்டும் மிஞ்சுற பான் எண்டிங்குக்குப் போற எக்ஸ்சேஞ்ச், அதைத் திரும்ப வாங்கவே முடியாது, உக்காந்து எண்ணித்தான் ஆகணும்.

இது நம்மள மாதிரி ஆளுங்க சமாச்சாரம் மட்டும்னு நினைக்காதீங்க. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப் மேட்ச், குகேஷ் - அப்போ சாம்பியனா இருந்த டிங் லிரென் 14வது கேம் ஞாபகம் இருக்கா? 55வது மூவ்ல டிங் ரூக்கை எஃப்2ல வெச்சு எக்ஸ்சேஞ்சுக்குக் குடுத்தார். குகேஷ் எடுத்தார், அப்புறம் பிஷப்பை டி5ல கொண்டுவந்து வெச்சார், டிங்கோட பிஷப் ஏ8 மூலைல மாட்டிக்கிட்டு இருந்ததால அதுவும் எக்ஸ்சேஞ்ச் ஆகியே தீரணும், மிஞ்சின பான் எண்டிங் தோத்த எண்டிங். ரூக், பிஷப் இருந்த வரைக்கும் டிரா, அது ரெண்டும் போனதும் உலக சாம்பியன் பட்டமே போச்சு. கேம் முடிஞ்சப்புறம் குகேஷ் சொன்னதைக் கேட்டீங்கன்னா, அது தப்பு மூவ்னு அவருக்கும் அந்த நொடியே உறைக்கலயாம், ரூக்கால வேற மூவ் ஆடப் போயி, அப்புறம்தான் பிஷப் மாட்டுறது கண்ணுல பட்டுச்சாம். ஸ்கிரீன்ல யாரு கை ஓங்கியிருக்குன்னு காட்டுற எஞ்சின் பாருக்கு செகண்ட்ல தெரிஞ்சுது, உள்ள உக்காந்திருந்தவர் எண்ணிப் பாத்துத்தான் கண்டுபுடிச்சார். அதைத்தான் சொல்றேன்.

குகேஷையே எடுத்துக்கங்க, அவரோட கோச் விஷ்ணு பிரசன்னா ரொம்ப வருஷம் அவரை எஞ்சின் பக்கமே விடல, கிராண்ட்மாஸ்டர் ஆகுற வரைக்கும் எல்லாத்தையும் சொந்தமா யோசிக்க வெச்சார்னு அவங்களே பேட்டில சொல்லியிருக்காங்க. அதுக்காக நீங்களும் எஞ்சினைத் தொடாதீங்கன்னு சொல்ல மாட்டேன். அங்க பக்கத்துல ஒரு கிராண்ட்மாஸ்டர் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தார், நமக்கு ஆபீஸ் முடிஞ்சு வந்தா ராத்திரி ஒன்பது மணிக்கு யாரு இருக்கா. எஞ்சின் வேணும், ஆனா கடைசில வேணும். நான் பண்றது, பீச் போற எலக்ட்ரிக் ட்ரெயின்ல சீட் கிடைச்சதும் ஸ்கோர்ஷீட் காப்பியை எடுத்து, பின்பக்கத்துல "இங்க பயந்தேன்", "இங்க நைட்டைப் பாக்கவே இல்ல", "இது ஜெயிக்கிறேன்னு நினைச்சேன்"னு கிறுக்கிடுவேன். அன்னிக்கே எழுதணும், ரெண்டு நாள் கழிச்சு எழுதினா நீங்க யோசிக்காததையும் யோசிச்ச மாதிரி மனசு கதை கட்டிடும். அப்புறம் லிசெஸ்ல ஸ்டடி (கேமைப் போட்டுக் குறிப்பு எழுதுற பக்கம்) ஓப்பன் பண்ணி, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, அந்தக் கிறுக்கலை எல்லாம் கமெண்ட்டா ஏத்திட்டு, கடைசில எஞ்சினை ஆன் பண்ணி ரெண்டும் எங்க முட்டுதுன்னு பாப்பேன். எஞ்சின் போடுற மார்க்ல (ஒரு பான்னா 1) 0.3, 0.4 வித்தியாசத்தை எல்லாம் நான் கண்டுக்கறதே இல்ல, நம்ம லெவல்ல அது வெறும் சத்தம். நான் "ஜெயிக்கிறேன்"னு எழுதின இடத்துல அது "தோக்குற"ன்னு சொன்னா அங்கதான் ஒரு மணி நேரம் உக்காருவேன்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், அப்பா அம்மாக்களுக்கு. ஹால் வாசல்ல பாத்துப் பாத்து வயிறு எரியுது. குழந்தை வெளிய வந்து தண்ணி கூட குடிச்சிருக்காது, அப்பா கைல போன் ரெடி, மூவை ஏத்தி, பார் கீழ விழுந்த இடத்தைக் காட்டி "ஏன்டா இதை ஆடின, இங்க குயின் போகுது பாரு தெரியல?"ன்னு திட்டு. சார், அந்த பார் இல்லன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அடுத்த ரவுண்டுக்கு முக்கால் மணி நேரம் இருக்கு, தயிர் சாதம் குடுங்க, போதும்.

ஓப்பனிங்குக்கு நான் அதிகமா மெனக்கெடறதில்ல. டேட்டாபேஸ்ல எந்த மூவ்ல புக்கை, அதாவது ஏற்கனவே தெரிஞ்ச மூவ் வரிசையை, விட்டு வெளிய வந்தோம்னு பாத்து, அந்த இடத்துல ஒரே ஒரு மூவை மட்டும் அடுத்த தடவைக்குக் குறிச்சு வெச்சுக்குவேன். நம்ம ரேட்டிங்ல இருபதாவது மூவ் தியரி வரைக்கும் கூட வர்ற எதிராளி அபூர்வம்.

அக்யூரசி 88 பத்தி கேட்டிருந்தீங்க. எதிராளி சீக்கிரமே காயை விட்டுட்டா, அப்புறம் நீங்க என்ன ஆடினாலும் 90க்கு மேல வரும். கஷ்டமான பொசிஷன்ல நாலு மணி நேரம் முட்டி மோதி ஜெயிச்ச கேம்ல 75 வரும். அதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க. சாப்ட்வேர் எதுவும் காசு குடுத்து வாங்கவும் வேணாம், லிசெஸ்ல ஸ்டடியும் டேபிள்பேஸும் ஃப்ரீயாவே இருக்கு. ஒரு பேனாவும் கார்பன் காப்பி ஸ்கோர்ஷீட்டும் இருந்தா ஆரம்பிச்சுடலாம், காப்பில மை சரியா விழலன்னா ஆர்பிட்டர்கிட்ட (நடுவர்கிட்ட) ஒரிஜினலைக் கேட்டு அங்கயே சரி பாத்து எழுதிக்கங்க, மொத்த டோர்னமெண்டும் முடிஞ்சப்புறம் போய்க் கேட்டா அந்தக் கட்டுக்குள்ள உங்க ஷீட்டைத் தேடி எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது.