ஹைஃபெட்ஸின் ஸ்டுடியோ பதிவுகள் இருக்கும்போது, கடைசிக் கச்சேரிப் பதிவை ஏன் கேட்க வேண்டும்?

கண்டிப்பாகக் கேளுங்கள். வயலின் கலைஞர் யாஷா ஹைஃபெட்ஸ் 1972 அக்டோபர் 23 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்தது அது. பியானோ வாசித்தவர் புரூக்ஸ் ஸ்மித். அப்போது ஹைஃபெட்ஸுக்கு 71 வயது.

ஸ்டுடியோவில் பிசகினால் மறுபடி வாசித்து ஒட்டிவிடலாம். ரசிகர்கள் முன்னால் அந்த வசதி இல்லை. துணிச்சல் அங்கேதான் தெரியும். இசையமைப்பாளர் ஃபிராங்க் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைப் படைப்பு) கடைசிப் பகுதியில் பியானோ மெட்டை எடுக்க, வயலின் சற்றுப் பின்தங்கி அதையே பிடித்துக்கொண்டு வரும். இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு கூர்ந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள்! எனக்கு இந்தப் பதிவில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டா (நடன இசைகளின் தொகுப்பு): பக்கவாத்தியமே இல்லை, வயலின் மட்டும். புதிதாகக் கேட்பவர் என்றால் ரவேலின் ‘சிகான்’ இசையிலிருந்து தொடங்கலாம்; அதன் நீண்ட தொடக்கமும் தனி வயலின்தான்.