1969 ட்ரையம்ப் போன்வில்லுக்கு வீட்டிலேயே வயரிங் போடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது? நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாமா?

எர்த்திலிருந்து, அதாவது கரண்ட் ஃப்ரேம், இன்ஜின் உலோகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையிலிருந்து தொடங்குங்கள். ஹார்னஸ் (வயர்க் கட்டு), ஹெட்லைட், ஸ்விட்ச் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங் முடிந்துவிட்டது, கிரைண்டிங் போன கிராங்க் திரும்ப வந்துவிட்டது, ரெடிமேட் ஹார்னஸ் வாங்கி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்தப் பவுடர் கோட்டிங்தான். ட்ரையம்பின் மெரிடன் தொழிற்சாலையில் அடித்த எனாமல் மெல்லியது. போல்ட்டை முறுக்கும்போது அது உரிந்து இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும். பவுடர் கோட்டிங் என்பது தடித்த பிளாஸ்டிக் உறை, கரண்ட் அதைத் தாண்டாது. துருப்பிடித்துக் கிடந்த காலத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, பளபளவென்று புதுப்பித்த பிறகு மக்கர் பண்ணுவதற்கு முதல் காரணம் இதுதான். பழி முழுவதும் இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனி தலையில் விழுகிறது. அந்தப் பழியில் பெரும்பகுதி நியாயமற்றது என்பது என் கருத்து.

எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வண்டியில் ஸ்பார்க்கை உண்டாக்கும் 12 வோல்ட் காயில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் சுமார் 3.5 ஓம். எர்த்தில் அரை ஓம் தடை இருந்தால், ஒரு பாயின்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் கான்டாக்ட்) மட்டும் மூடியிருக்கும்போது காயிலுக்குக் கிடைப்பது 10.5 வோல்ட். இரண்டு பாயின்ட்டும் மூடியிருந்தால் 9.3 வோல்ட்தான். பேட்டரி புதிதாக இருக்கும், பிளக் புதிதாக இருக்கும், ஆனாலும் கிக் அடித்து அடித்துக் கால் வலிக்கும்.

இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அதன் வயர் சிவப்பு. சிவப்பு என்றால் கரண்ட் என்று கை பழகியிருக்கும், அதனால் வேலையைத் தொடங்குமுன்பே ஒரு அட்டையில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ்தான் கரண்ட் பக்கம்: பிரவுனும் நீலமும் கலந்த வயர். இக்னிஷன் ஸ்விட்ச்சைத் தாண்டி வருவது வெள்ளை.

ஹார்னஸில் வரும் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். 2 சதுர மி.மீ. சிவப்பு வயரைத் தனியாக வாங்கி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக நான்கு இடங்களுக்கு இழுங்கள்: சிலிண்டர் ஹெட்டில் ஒரு போல்ட், ரெக்டிஃபயரின் (ஆல்டர்னேட்டரின் ஏசியை டிசியாக்கும் பாகம்) நடு போல்ட், ஹெட்லைட் கூட்டுக்குள், பின் விளக்கு. இன்ஜினை ஃப்ரேமோடு பிடிக்கும் போல்ட்டுகள் வழியாகவே இன்ஜினுக்கு எர்த் கிடைக்கும் என்று அன்று விட்டிருந்தார்கள். பவுடர் கோட்டிங்குக்குப் பிறகு அது நடக்காது. ஹெட்லைட்டும் அப்படித்தான். தனி வயர் இல்லாவிட்டால் அதன் கரண்ட் ஹேண்டில் பேரிங் குண்டுகள் வழியாக, கிரீஸைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு மினுக்கினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது ஃபியூஸ். பேட்டரி நெகட்டிவ் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே வரவேண்டும். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்ப் என்று எழுதியிருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17.5 ஆம்ப். இன்று கடையில் 35 என்று கேட்டு வாங்கினால் தொடர்ந்து 35 ஆம்ப் தாங்குவதைத் தருவார்கள், ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும். 15 ஆம்ப் பிளேடு ஃபியூஸ் போதும்.

ஹார்னஸைப் போடும்போது டேங்கை ஏற்றாமல், ஃபோர்க்கும் ஹேண்டிலும் மாட்டிய நிலையில் போடுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கேயும் வயர் விறைக்கவில்லை, நசுங்கவில்லை என்று பார்த்த பிறகே டையை இறுக்குங்கள். ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் டை போடவே வேண்டாம். அந்த இடத்தில் வயர் அசைந்து கொடுக்க வேண்டும்.

புல்லட் கனெக்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய கறுப்பு ரப்பர் ஸ்லீவ் ஒன்றை உருவி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னத் தகட்டுக் குழாய் ஒன்று பச்சையாகவோ பழுப்பாகவோ பூத்திருக்கும். புல்லட்டை மட்டும் மாற்றிவிட்டு அந்த ஸ்லீவையே திரும்பப் போடுபவர்கள் நிறைய. ஸ்லீவையும் சேர்த்து மாற்றுங்கள். புல்லட் 4.7 மி.மீ. பித்தளை, அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியில் அழுத்த வேண்டும். சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்கினால் புல்லட் முட்டை வடிவமாகி ஸ்லீவுக்குள் சரியாக உட்காராது. ஈயம் வைத்தால் அது வயர் இழைகளுக்குள் ஏறி உறைந்துவிடும். உறைந்த இடம் முடிகிற எல்லையில், அதிர்வில் வயர் முறியும்.

எலக்ட்ரிக்கல் ஸ்க்ரூக்களில் பல பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை. 2பிஏ ஸ்க்ரூ 4.7 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 0.81 மி.மீ. நம் 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு இடைவெளி 0.8. முதல் இரண்டு சுற்று ஏறுவது போலத் தெரியும், பிறகு மரையைத் தின்றுவிடும். அதனால் ஸ்க்ரூக்களைக் கலக்காமல் தனித்தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.

முதல் முறை பேட்டரி கொடுக்கும்போது ஃபியூஸ் போடாதீர்கள். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை வயர் வைத்து இணையுங்கள். சாவி ஆஃப் நிலையில் பல்பு எரியக் கூடாது. இரண்டு பாயின்ட்டின் இடையிலும் அட்டைத் துண்டு செருகி, லைட் எல்லாம் அணைத்துச் சாவியைப் போட்டால், அப்போதும் எரியக் கூடாது. ஒரு அட்டையை உருவினால் பல்பு மங்கலாக எரியும். அந்தக் காயில் சர்க்யூட் முழுமை என்று அர்த்தம். அதைத் திரும்பச் செருகிவிட்டு மற்றதை உருவிப் பாருங்கள். எந்த நிலையிலாவது பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட். இந்த முறையில் புகை வராது, வயர் உருகாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிதானமாகத் தேடலாம்.

இது சரியாக வந்தால் ஃபியூஸைப் போட்டு, அட்டைகளை எடுத்து, பாயின்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு மல்டிமீட்டரால் இரண்டு அளவு எடுங்கள். சிலிண்டர் ஹெட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்குமேல் இருக்கக் கூடாது. பேட்டரி நெகட்டிவுக்கும் காயிலின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்குமேல் போனால் இக்னிஷன் ஸ்விட்ச்சின் உள் தகடு தேய்ந்திருக்கும், அல்லது வழியில் ஒரு கனெக்டர் சரியில்லை. அளவெடுத்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். இன்ஜின் ஓடாமல் இரண்டு பாயின்ட்டும் மூடியிருந்தால் 7 ஆம்ப் வரை காயில்கள் இழுக்கும், கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்.

காயிலில் வெள்ளை வயர் நெகட்டிவ் முனைக்கு, பாயின்ட்டுக்குப் போகிற வயர் பாசிட்டிவ் முனைக்கு. மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாகும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. 1968இல் வந்த, பாயின்ட்டுகளைத் தாங்கும் 6சிஏ தட்டில் இரண்டு பாயின்ட்டையும் தனித்தனியே டைமிங் வைக்கலாம். இடைவெளியை முதலில் முடித்துவிட்டு, பிறகு இரண்டையும் ஸ்ட்ரோபால் (டைமிங் பார்க்கும் மின்னல் விளக்கு), பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 38 டிகிரி முன்பாக வையுங்கள். ஸ்ட்ரோபுக்கு வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுங்கள், வண்டி பேட்டரியில் கொடுத்தால் பொய்யான மின்னல் வரும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதாக இருந்தால் அதோடு வரும் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். அதில் பெரும்பாலும் 6 வோல்ட் காயில் இரண்டைத் தொடராக இணைக்கச் சொல்வார்கள். பாயின்ட்டுக்கு அந்த 6 வோல்ட் காயில் ஆகாது.

சார்ஜிங் பக்கம். ஆர்எம்21 ஆல்டர்னேட்டர் 5,000 ஆர்பிஎம்மில் சுமார் 10 ஆம்ப் தரும், ஐடிலிங்கில் அது செலவுக்கே போதாது. சுழலும் காந்தமான ரோட்டருக்கும் நிலையாக நிற்கும் சுருள்களான ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி கட்டாயம். இரும்பு ஃபீலர் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், பித்தளை அல்லது பிளாஸ்டிக் துண்டால் அளங்கள். ஸ்டேட்டர் வயர் இரண்டில் எதுவும் இன்ஜின் உடலோடு தொடர்பு காட்டக் கூடாது. சூடான ஆயிலில் ஊறி இறுகிய வயர், பிரைமரி கேஸை (பிரைமரி செயினை மூடும் உறை) விட்டு வெளியே வரும் இடத்தில் வெடித்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஆகி, சூடானதும் நின்றுவிடுகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ஜீனர் டையோடு ஹெட்லைட்டுக்குக் கீழே செதில் வைத்த அலுமினியத் தொட்டியில் இருக்கும். மிச்ச கரண்டை எர்த்துக்கு விட்டுத்தான் அது வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துகிறது. அதன் எர்த் போனால் கட்டுப்பாடும் போகும்: பல்பு அடுத்தடுத்து ஃபியூஸ் ஆகும், பேட்டரி கொதிக்கும். அந்தத் தொட்டிக்கும் ஒரு சிவப்பு வயர் கொடுங்கள். ஆனால் வயரின் வளையத்தை டையோடின் அடிப்பாகத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வைக்காதீர்கள், சூடு இறங்காது. நட்டுக்குக் கீழே வையுங்கள். அந்தத் திருகு செம்பு, 1.5 அடி-பவுண்டுக்குமேல் முறுக்கினால் கையோடு வந்துவிடும். ரெக்டிஃபயரைக் கழற்றும்போது போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். தகடுகள் சுழன்றால் உள்தொடர்பு அறுந்துவிடும். இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே டப்பாவாக வரும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் போட்டாலும் தவறில்லை, தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நான் அதையே சொல்வேன். எதைப் போட்டாலும் 3,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 14 முதல் 15 வோல்ட் வரவேண்டும். ஹெட்லைட்டுக்கு 45 வாட் அளவில் நிறுத்துங்கள். 60 வாட் ஹாலஜன் போட்டால் நகர வேகத்தில் பேட்டரி காலியாகும்.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டாம். ரெக்டிஃபயர், ஜீனர், காயில் முனைகள், அம்மீட்டர் எல்லாவற்றையும் திருப்ப வேண்டும். லூகாஸ் ஜீனர் பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்தது, திருப்பினால் உடலை ஃப்ரேமிலிருந்து பிரித்து வைக்க வேண்டியிருக்கும். மாற்றுவதால் வண்டிக்கு ஒரு லாபமும் இல்லை. போன் சார்ஜர் வேண்டுமானால் அதன் உலோக உடல் வண்டியின் எந்த உலோகத்தையும் தொடாத மாதிரி ரப்பருக்குள் வைத்தால் போதும்.

வயரிங்கோடு சம்பந்தமில்லை, ஆனாலும் இன்ஜினை மூடும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: கிராங்கின் நடுவே இருக்கும் ஸ்லட்ஜ் டிராப். ஆயிலில் வரும் அழுக்கு சுழற்சியில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, அந்த எஃகுக் குழாய்க்குள் கறுப்பு மெழுகு போலக் கெட்டிப்பட்டு நிற்கும். நிரம்பிவிட்டால் பிக்எண்டுக்கு (கனெக்டிங் ராட் கிராங்கில் சேரும் பேரிங்) ஆயில் போகும் துளை அடைபடும். கிரைண்டிங் கடையில் கழுவித் தந்திருக்கலாம், ஆனால் சொல்லாமல் யாரும் அந்த மூடியைத் திறப்பதில்லை. மூடியின் விளிம்பில் பஞ்ச் அடித்த புள்ளி இருக்கும். அதை டிரில்லால் எடுத்துவிட்டு, சூடு காட்டி, இம்பாக்ட் டிரைவரால் திருப்புங்கள். குழாயை இழுக்கும் முன் ஃப்ளைவீல் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்ற வேண்டும், அதன் நுனிதான் குழாயைப் பூட்டி வைத்திருக்கிறது. தெரியாமல் இழுத்தால் குழாய் கிழியும். திரும்பப் போடும்போது குழாயின் துளையும் போல்ட் துளையும் நேராக நிற்கட்டும். புது போல்ட்டை லாக்டைட் தடவி 33 அடி-பவுண்டுக்கு முறுக்கி, மூடியைப் போட்டுத் திரும்பவும் ஒரு பஞ்ச் அடியுங்கள்.