களைப்பு நோயோடு அன்றாடம்: கேட்டதும் சொன்னதும்

நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எம்.இ./சி.எஃப்.எஸ். என்று சொல்லும் நாள்பட்ட களைப்பு நோயோடு பன்னிரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள், அவ்வளவுதான். நீங்கள் எழுதிக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. மாத்திரை அளவு கேட்டவர்கள் மன்னிக்கவும்.

அக்கா, எந்நேரமும் சோர்வாக இருக்கிறது. எனக்கும் இந்த நோய்தானா?

சோர்வுக்கு ஆயிரம் காரணம் உண்டு. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, குறட்டையில் மூச்சு தடைபடும் தூக்கம், நம் ஊரில் காசநோய். இவையெல்லாம் இல்லை என்று முதலில் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த நோயைக் காட்டிக்கொடுக்க ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அடையாளம் வேறு. செய்த வேலைக்குத் தண்டனை பெரும்பாலும் அன்றே வராது; ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளி வரும். ஞாயிற்றுக்கிழமை பீரோவை ஒழித்தேன். செவ்வாய்க்கிழமை சீப்பைத் தூக்க முடியவில்லை. தொண்டை கரகரப்பு, காய்ச்சல் அடிப்பது போல உடம்பு, பால்காரர் கணக்கைக்கூடக் கூட்ட முடியாத மூளை. ஓய்வெடுத்தாலும் எளிதில் தீராது.

சமையலறையில் நின்றாலே தலை சுற்றுகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. நம்மில் பலருக்கு நடப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் கஷ்டம். ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது, இதயம் ஓட்டம் எடுக்கிறது. ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுபவர்கள் நாம்தான்.

அடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்குங்கள். அரிவாள்மணையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவதிலேயே பாதி சக்தி போய்விடும். காய் நறுக்குவது கட்டிலில் சாய்ந்தபடி, மடியில் பலகை வைத்து. நறுக்கியதும் பத்து நிமிடம் படுக்கை, போன் இல்லாமல். அப்புறம்தான் தாளிப்பு. குளியலறையிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கொதிக்கிற வெந்நீர் வேண்டாம், ரத்தக் குழாய் விரிந்து கிறுகிறுப்பு கூடும். எண்ணெய்க் குளியலை நான் விட்டே ஏழு வருடமாகிறது. உப்புப் போட்ட நீர்மோர் எனக்குக் கை கொடுக்கிறது. ஆனால் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டாதீர்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் பாக்கி வேலையெல்லாம் முடிக்கப் போகாதீர்கள்.

நான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவன். தினம் பத்து நிமிடம் நடக்கட்டும், வாரம் ஐந்து நிமிடம் கூட்டட்டும். ஆறு மாதத்தில் ஓடுவார்கள். சோம்பலுக்கு நோய் என்று பெயர் வைக்காதீர்கள்.

தம்பி, நீங்கள் சொல்வதையேதான் இங்கிலாந்தில் அரசு வழிகாட்டியாக 2007இல் எழுதி வைத்தார்கள். இந்தப் பயிற்சியை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த பேஸ் என்ற ஆய்வு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, அதுவும் ஆமோதித்தது. எங்கள் நிலைமை இன்னும் மோசமானது என்று நோயாளிகள் கத்தினார்கள். ஒருவர் தகவல் உரிமைச் சட்டப்படி ஆய்வுத் தரவைக் கேட்க, ஆய்வை நடத்திய பல்கலைக்கழகம் மறுக்க, 2016இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. ஆய்வாளர்கள் முதலில் வகுத்திருந்த அளவுகோலால் திரும்பக் கணக்குப் போட்டதும் குணமானவர்கள் தொகை வெகுவாக இறங்கியது. 2021 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டி, படிப்படியாகக் கூட்டும் அந்தப் பயிற்சியை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்காதீர்கள் என்கிறது.

(அவரே மறுபடியும்) படுத்தே கிடந்தால் தசை கரையாதா?

கரையும். நியாயமான கேள்வி. ஆனால் பிரச்சினை அது மட்டும் என்றால், மூச்சை அளக்கும் முகமூடி மாட்டி அடுத்தடுத்து இரண்டு நாள் சைக்கிள் மிதிக்க வைக்கும் பரிசோதனையில் தெரிந்துவிடும். பழக்கமில்லாத உடம்பு இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே திறனைக் காட்டும். எங்களில் பலருக்கு இரண்டாம் நாள் இறங்கிவிடுகிறது. அசையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாங்குகிற எல்லைக்குள் அசையுங்கள் என்கிறேன். என் கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 105ஐத் தொட்டால் அதிரும், உட்கார்ந்துவிடுவேன். அது என் எண், உங்களுடையது வேறாக இருக்கும்.

என் மாமியார் நடந்துதான் தேறினார்.

அவருக்கு இருந்தது சர்க்கரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம்.

அஸ்வகந்தா சாப்பிடலாமா?

தெரிந்த சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

பி12 ஊசி போட்டால் போதுமா?

குறைவு இருந்தால் போடுங்கள். குறைவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அக்கா, அஸ்வகந்தா?

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

தங்கை கல்யாணம், முகூர்த்தம் விடிகாலை ஐந்து மணிக்கு. போகாமல் இருக்க முடியாது.

போங்கள். முந்தைய மூன்று நாளும் பிந்தைய நான்கு நாளும் வெறும் நாளாக விட்டுவிட்டுப் போங்கள். முதல் நாள் வரவேற்பா, மறுநாள் முகூர்த்தமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மண்டபத்தில் ஓர் அறைச் சாவியை அப்பாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மேளச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு. உங்களைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கே" என்று யாராவது சொல்வார்கள், உடனே பந்தியில் பரிமாறக் கிளம்புவீர்கள். நன்றாக இருக்கும் நாளில்தான் நாம் விழுகிறோம், மேலே சொன்னதுதான்.

கணவர் நம்பவே மாட்டேன் என்கிறார்.

ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். இடப்பக்கம் செய்த வேலை, வலப்பக்கம் இரண்டு நாள் கழித்து உடம்பு இருந்த நிலை. என் வீட்டுக்காரர் என் பேச்சை நம்பவில்லை, தேதி போட்ட நோட்டை நம்பினார். அவர் வங்கியில் வேலை.

தலைமுடியை வெட்டிக்கொள்ளலாமா? அலசிக் காய வைப்பதற்குள் உயிர் போகிறது.

வெட்டுங்கள். இடுப்புவரை இருந்ததை நான் தோளோடு வெட்டினேன். அரை மணி நேர வேலை எட்டு நிமிடமாகக் குறைந்தது. அத்தை மட்டும் ஆடி முழுக்கப் பேசவில்லை.