டப்ளின் கலைநூல் கடைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டெம்பிள் பார் பகுதியிலுள்ள ‘லைப்ரரி புராஜெக்ட்’ கடையா, நூலகமா, காட்சிக்கூடமா?

பதில்: மூன்றும்தான். ஃபோட்டோஅயர்லாந்து அமைப்பு நடத்தும் அந்த இடத்தில் சுயாதீனப் பதிப்பாளர்களின் நூல்களையும் இதழ்களையும் வாங்கலாம், விற்பனைக்கல்லாத ஒளிப்பட நூல் தொகுப்பைப் புரட்டிப் பார்க்கலாம், கண்காட்சிகளும் நடக்கும். அதே கட்டடத்தில்தான் 1982இல் தொடங்கப்பட்ட பிளாக் சர்ச் பிரிண்ட் ஸ்டூடியோ இயங்குகிறது.

கேள்வி: கண்காட்சி நடத்திவிட்டு நூல் போடலாமா, நூலுக்குப் பிறகு கண்காட்சியா? எத்தனை பிரதிகள் அச்சிடுவது?

பதில்: டப்ளின் ஒளிப்படக்காரர் ஏமன் டாயிலைப் பாருங்கள். டப்ளின் தெருக்களில் நடமாடும் முதியவர்களைப் படமெடுத்து, 2014இல் ‘ஐ’ என்ற நூலைத் தாமே வெளியிட்டார். பிரிட்டிஷ் ஒளிப்படக்காரர் மார்ட்டின் பார் அதை மனமாரப் பாராட்டினார். 2016இல் பிரான்ஸின் ஆர்ல் ஒளிப்பட விழாவில் டாயிலின் பெரிய கண்காட்சி நடந்தது. சுவர் கிடைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. பிரதிகளைப் பொறுத்தவரை, வாங்கப்போகிறவர்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். சிறு பதிப்பாளர்களிடம் கடைகள் பெரும்பாலும் விற்றபின் பணம் தரும் ஏற்பாட்டில்தான் நூலை எடுக்கும். கடைக்காரரின் கழிவு போக மிஞ்சுவதில் அச்சுக்கூலி தேறுகிறதா என்று முதலில் கணக்கிடுங்கள். மாதிரிப் பிரதியொன்றைக் கையால் கட்டிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: 500 பிரதிகள் போதுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மாதிரிப் பிரதி செய்தாயிற்றா?

கேள்வி: பிரதிக்கு எண்ணிட்டுக் கையொப்பமிட்டால் விலையை உயர்த்தலாமே?

பதில்: உயர்த்தலாம், எனக்கு உடன்பாடில்லை. செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறி அச்செடுக்கும் முறையில், கோட்டோரத்துப் பிசிறு ஒவ்வோர் அச்சிலும் நசுங்கி மழுங்குவதால், நல்ல பிரதிகள் சிலவே கிடைக்கும்; அங்கே எண்ணுக்குப் பொருளுண்டு. நூல்களை இயந்திரத்தில் அடிக்கும் ஆஃப்செட் அச்சில் ஆயிரமாவது பிரதியும் முதற்பிரதியைப் போன்றதே.

கேள்வி (மறுப்பு): கவிஞர் யேட்ஸின் சகோதரி எலிசபெத் நடத்திய குவாலா அச்சகமும் குறைந்த பிரதிகள்தானே அச்சிட்டது? அது மட்டும் தகுமா?

பதில்: நல்ல மறுப்பு. ஆனால் அங்கே எழுத்துகளைக் கையால் கோத்துக் கை அச்சு இயந்திரத்தில் அடித்தார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அடுத்த பக்கத்துக்குக் கோக்க வேண்டும். உழைப்பே எல்லையை வகுத்தது. எத்தனை பிரதிகள் என்பதையும் நூலிலேயே நேர்மையாக அச்சிட்டார்கள். நீங்களும் அப்படி ஒரு வரி போடுங்கள். போட்டபின் ஓசைப்படாமல் மறு அச்சுக்குப் போகாதீர்கள்.

கேள்வி (மீண்டும் அவரே): எண்ணிட்டுக் கையொப்பமிட்ட பிரதியை வாங்குபவர் விரும்பினால் தவறென்ன?

பதில்: தவறில்லை. விருப்பத்துக்கு விலை வையுங்கள். அரிய பொருள் என்று சொல்லி விற்காதீர்கள்.

கேள்வி: கவிதைத் தொகுப்பு வைத்திருக்கிறேன்.

பதில்: என் துறையன்று. 1970 முதல் இயங்கும் கவிதைப் பதிப்பகமான கேலரி பிரஸ்ஸின் நூல்களைப் பாருங்கள்.

கேள்வி: 200 பிரதிகள்தான். அயர்லாந்தில் சட்டப்படி எங்கேனும் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். 2000ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்துக்குப் பிரதி செல்ல வேண்டும். டிரினிட்டி கல்லூரி உள்ளிட்ட வேறு நூலகங்களுக்கும் உரிமையுண்டு. சட்டம் கேட்காவிட்டாலும், தேசியக் கலை வடிவமைப்புக் கல்லூரியிலுள்ள காட்சிக்கலை நூலகமான நிவலுக்கு ஒரு பிரதியையும் கண்காட்சி அழைப்பிதழையும் கொடுங்கள். கண்காட்சித் துண்டறிக்கைகளைக்கூட அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள்.

கேள்வி: மாதிரிப் பிரதி அவசியமா?

பதில்: அவசியம்.