முகப்படத்தை விமர்சிக்கக் கற்பது: கேள்வி பதில்

கே: போர்ட்ரெய்ட் படத்தைப் பார்த்தால் "அருமை" தவிர வேறெதுவும் எழுத வரவில்லை. எங்கே தொடங்குவது?

ப: கண்ணில். படத்தை 100 சதவீத அளவில் திறந்து, கேமராவுக்குப் பக்கத்திலுள்ள கண்ணின் இமைமுடியைப் பாருங்கள். இமைமுடி மங்கி, காது பளிச்சென்று தெரிந்தால் ஃபோகஸ் பின்னால் போயிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். இரண்டையும் "ஷார்ப்பாக இல்லை" என்று ஒரே பையில் போடாதீர்கள். முழு ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.4 (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), தூரம் 1.5 மீட்டர் என்றால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் இரண்டரை செ.மீ.தான். முகம் கொஞ்சம் திரும்பினாலே தூரத்துக் கண் போச்சு. எஃப் 2.8-ல் அது ஐந்து செ.மீ. ஆகும்.

பிறகு கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளி. சதுரமா? ஜன்னலோ சாஃப்ட்பாக்ஸோ (விளக்கை மூடி வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி). கீழ்ப்பாதியில் இருக்கிறதா? வெளிச்சம் கீழிருந்து வருகிறது, முகம் பேய்க்களை காட்டும். அதன்பின் மூக்கு நிழல். நேர் கீழே விழுந்தால் விளக்கு முகத்துக்கு எதிரே உயரத்தில். அது பக்கவாட்டில் நீண்டு கன்னத்து நிழலோடு சேர்ந்து, கண்ணுக்குக் கீழே முக்கோண வெளிச்சம் விட்டால், ஓவியர் ரெம்பிராண்டின் பெயரில் வழங்கும் ரெம்பிராண்ட் ஒளி. விளக்கு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்காமல் "லைட்டிங் சரியில்லை" என்பதும் "அருமை" மாதிரிதான்; எடுத்தவருக்குப் பயனில்லை.

கே: என் படத்தை நானே எப்படி விமர்சிப்பது?

ப: இரண்டு வாரம் ஆறப்போடுங்கள். பிறகு இடவலமாகத் திருப்பி, கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் நகமளவு சுருக்கிப் பாருங்கள். முகத்தைவிட வெளுப்பான ஏதாவது மூலையில் இருந்தால் உடனே துருத்தும்.

கே: எந்த கேமரா வாங்கலாம்?

ப: அது வேறு பேச்சு.

கே: 85 மி.மீ. லென்ஸ் முகத்தை அழகாக்குமாமே?

ப: லென்ஸ் அல்ல, தூரம். அரை மீட்டரில் நின்றால் மூக்கு புடைக்கும், காது பின்வாங்கும். இரண்டு மீட்டரில் அடங்கும்.

கே: ஒப்புக்கொள்ள முடியாது. என் 35 மி.மீ. லென்ஸில் எல்லார் மூக்கும் பெரிதாகத்தான் வருகிறது!

ப: முகம் ஃபிரேமை நிறைக்கவேண்டுமென்று நீங்கள் கிட்டே போகிறீர்கள், அதனால்தான். ட்ரைபாடை இரண்டு மீட்டரில் நிறுத்தி, நகர்த்தாமல் இரண்டு லென்ஸிலும் எடுங்கள். 35-ல் எடுத்ததை 85-ன் அளவுக்கு வெட்டுங்கள். மூக்கும் காதும் ஒரே விகிதத்தில் இருக்கும். அடுத்து 35-ஐ மாட்டிக்கொண்டு 82 செ.மீ. வரை போங்கள். முகம் அதே அளவு, மூக்கு மட்டும் வேறு.

கே: அப்படியானால் எல்லாரும் 85-ஐச் சொல்வது பொய்யா?

ப: பொய்யில்லை, சுருக்கம். அந்த லென்ஸ் உங்களைத் தள்ளி நிற்க வைக்கிறது. ஆகவே விமர்சனத்தில் "லென்ஸை மாற்று" என்று எழுதாதீர்கள், "இரண்டடி பின்னால் போ" என்று எழுதுங்கள். காசும் மிச்சம்.

கே: புதிதாகத் தொடங்குகிறேன், எந்த கேமரா...

ப: மேலே பாருங்கள்.

கே: புல்வெளியில் எடுத்த படத்தில் தாடைக்கு அடியில் பச்சை. ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய படம் முழுக்கச் செய்யும் நிறச் சரிக்கட்டல்) தவறா?

ப: இல்லை. புல்லில் பட்டுத் தெறித்த வெளிச்சம். ஒயிட் பேலன்ஸை மாற்றினால் நெற்றி ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும். அந்த இடத்தில் மட்டும் பச்சையின் செறிவைக் குறையுங்கள். அடுத்த முறை காலடியில் வெள்ளைத் துணி விரியுங்கள்.